ஸ்டெப்னி இல்லாத கார்

சர்வேயரின் மின்சாரக் காரில் இடது பின்சக்கரத்தில் ஆணி ஏறிய வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, அந்த ஓட்டை வழியாகக் காற்றோடு கூட நான்கு வருடப் பேச்சும் வெளியே வரத் தொடங்கியது. குரல் சர்வேயருடையது. அவர் வானொலி ஓடுகிறது என்று நினைத்துப் பொத்தானை இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார். இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை என்று பஞ்சர்காரர் பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினார். மற்ற கார்களில் என்ஜின் போடுகிற கூச்சலில் டயர் உருளும் சத்தம் அமுங்கிவிடும். மின்சாரக் காரில் என்ஜின் கூச்சல் இல்லாததால் டயர் சத்தம் உள்ளே இருப்பவர் காதைக் குடையும். அதைக் குடிப்பதற்கென்றே டயருக்குள் சுற்றிலும் கறுப்புப் பஞ்சு ஒட்டி அனுப்புகிறார்கள். எது டயர் சத்தம், எது மனுஷன் சத்தம் என்று பஞ்சுக்கு எப்படித் தெரியும்? கிடைத்ததையெல்லாம் குடித்தது, ஓட்டை விழுந்ததும் கக்கியது.

சர்வேயர் வீட்டில் அதிகம் வாய் திறக்காதவர். ஆயுசுக்கும் அடுத்தவர் நிலத்தை அளந்தவர், அதனால் பேச்சையும் அளந்துதான் பேசுவார் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவளை எல்லோரும் சின்னவள் என்பார்கள். பெரியவள் அவளுடைய அக்கா, சர்வேயரின் முதல் மனைவி. மூன்று வயது மகளை விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கையை, வந்ததுதான் வந்தாய் இருந்துவிடேன் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, நான்காம் மாதம் அவருக்கே கட்டிவைத்தார்கள். உனக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. இதில் ஒரு வசதி இருந்தது. அக்கா புருஷனை அவள் அத்தான் என்று கூப்பிட்டுவந்தாள், தன் புருஷன் ஆன பிறகும் அவர் அத்தான்தான். அக்கா மகளுக்கு அவள் சித்தி, அப்பாவின் இரண்டாவது மனைவி ஆன பிறகும் சித்திதான். யாரும் ஒரு சொல்லைக்கூட மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. தனக்கென்று ஒன்று பிறந்தால் இந்தப் பிள்ளை மனசு நோகும் என்று பெற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டாள். பதினெட்டு வருடம் அந்தப் பெண்ணுக்குப் பேன் பார்த்தாள், அம்மை போட்டபோது பக்கத்திலேயே கிடந்தாள், அவளுக்குச் சொல்லித் தருவதற்காகத் தனக்கு வராத கணக்கையெல்லாம் முட்டி மோதிப் படித்தாள். வாய் தவறியாவது ஒரு நாள் அவள் அம்மா என்று கூப்பிட்டுவிட மாட்டாளா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. பாவம், பெரிய ஆசைதான்.

கார் வாங்கிய அன்று விற்பனைக்காரர் பின்கதவைத் திறந்து காட்டி, மின்கலத்துக்கே இடம் சரியாகப் போய்விட்டதால் மாற்றுச் சக்கரம் வைக்க இடமில்லை என்றார். "இதுல ஸ்டெப்னி கெடையாது சார். வெளில எங்கயாவது வெச்சிருந்தா எனக்குத் தெரியாது" என்று ஒரு சிரிப்பும் சிரித்தார். மாற்றுச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்று பேர். கல்யாணமானவர் வெளியே ரகசியமாக வைத்திருக்கும் பெண்ணுக்கும் அதே பேர்தான். சின்னவளும் சிரித்தாள். காரில் ஏறினால் அவளுக்குக் குமட்டும், அதனால் அன்றோடு சரி. தினமும் காலையில் சர்வேயர் மகளைக் கல்லூரியில் இறக்கிவிட்டு அலுவலகம் போவார், சாயங்காலம் அழைத்துக்கொண்டு வருவார். கண்ணாடி ஏற்றியிருக்கும். வாசலில் நின்று பார்க்கும் சின்னவளுக்கு அப்பாவும் மகளும் சிரிப்பது மட்டும் தெரியும், அவளுக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

ஆணி ஏறிய அன்று பஞ்சர்காரர் கார் நின்ற இடத்துக்கே வந்து வேலையைத் தொடங்கினார். காரின் அடிவயிறு முழுக்க மின்கலம், ஜாக்கியை இடம் மாற்றி வைத்தால் கிழிந்துவிடும். சோப்புக்கட்டி அளவு ரப்பரை அதற்குரிய பள்ளத்தில் பொருத்தித் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிக் கடைக்கு உருட்டிப் போனார். சர்வேயர் அளவு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார். ஓட்டை எங்கே என்று பார்க்கச் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தியதும் குமிழிகள் வந்தன. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் ஒரு வாக்கியம் கேட்டது. முதல் குமிழியில் மேலதிகாரி எருமை. இரண்டாவதில் எதிர்க்கடைத் தையல்காரர் தைத்த சட்டையைப் பிணத்துக்குக்கூடப் போட முடியாது. தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார், அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் சேர்ந்தார்கள். அடுத்த குமிழி, "ஸ்டெப்னிக்குத் தலைவலியாம், இன்னிக்கு ஒரே முக்கல் மொனகல்" என்றது. அதற்கடுத்தது, "ஸ்டெப்னி ஃபோன் பண்ணுது, எடுக்காத" என்றது. கூட்டத்துக்குச் சர்க்கரை தின்ன மாதிரி ஆகிவிட்டது. வாய் செத்த மனுஷன் என்று நினைத்தோமே என்று ஒருவர் அங்கலாய்த்தார். பஞ்சர்காரர் ஓட்டையில் ரப்பர் திரியைச் சொருகி வாலை வெட்டிவிட்டார்.

சர்வேயரிடம் யாரும் மூச்சு விடவில்லை. சின்னவளிடம் சொல்ல நான்கு பேர் போட்டி போட்டார்கள். அவள் அழவில்லை. அந்தப் பெண் யார் என்று மட்டும் தெரிய வேண்டும் என்றாள். திரி போட்டது அரைகுறை வேலை. பஞ்சைப் பெயர்த்து உள்பக்கமாக ஒட்டுப் போட்டிருக்க வேண்டும். அதனால் வாரம் ஒரு முறை காற்று இறங்கியது, வியாழக்கிழமை தோறும் சக்கரம் தொட்டிக்கு வந்தது, சின்னவளும் வந்தாள். தையல்காரர் அவளுக்கு ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். ஸ்டெப்னி சமையலில் உப்புத் தூக்கல் என்று ஒரு வியாழன் தெரிந்தது. அவர் அங்கேயும் சாப்பிடுகிறாரா என்று நெஞ்சு எரிந்தாலும், அவள் வீட்டில் உப்பைக் குறைத்தாள். ஸ்டெப்னி சாப்பிடும்போது வாயில் சத்தம் வருகிறது என்று தெரிந்தது. அவள் எல்லோரும் எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். ஸ்டெப்னி சிரித்தால் ஈறு தெரிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. அவள் சிரிப்பதை விட்டாள். ஒவ்வொரு வியாழனும் அந்த முகம் தெரியாதவளை ஒரு படி கீழே தள்ளிவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போவாள். ஸ்டெப்னி எடுத்த பச்சைத் துணி தவளைத் தோல் மாதிரி இருக்கிறது என்று ஏழாவது வாரம் ஒரு குமிழி சொன்னது. அந்தப் பச்சைத் துணியைத் தைக்கக் கொடுத்தது யார் என்று தையல்காரருக்குத் தெரியும். அவர் முக்காலியைத் தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திப் போட்டார். அப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்கள்.

பத்தாவது வாரம், டயரைப் பிரித்துப் பஞ்சைப் பெயர்த்துவிடச் சொன்னாள் சின்னவள். பஞ்சர்காரருக்கும் அதற்குள் விஷயம் பிடிபட்டிருந்தது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"வேணாம்மா. இந்தத் தடவை நல்லா அடைச்சுத் தரேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

"அவ யாருன்னு தெரிஞ்சா போதும். போயிடுவேன்."

அவர் டயரை இரும்புக் கம்பியால் நெம்பி வளையத்திலிருந்து கழற்றி, கரண்டியால் பஞ்சை ஒரு சாண் நீளம் சுரண்டி எடுத்தார். துவைத்த துணியைப் பிழிவதுபோல் பிழிந்தார். கனத்த குரல் மேலாகத் தங்கும், மெல்லிய குரல் அடியில் இறங்கிவிடும் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. முதலில் வழக்கம்போல் சர்வேயர் பேசினார். "பெரியவ போனப்ப வண்டி நடுவழில நின்னுபோச்சு. கையில இருந்தத எடுத்து மாட்டி விட்டாங்க. ஸ்டெப்னில எவ்வளவு தூரம் போக முடியும் சொல்லு? நான் பதினெட்டு வருஷமா ஓட்டிட்டிருக்கேன்." பிறகு பஞ்சின் அடியிலிருந்து ஒரு பெண்குரல் விழுந்து விழுந்து சிரித்தது.

"போதும்பா. ஸ்டெப்னி காதுல விழுந்தா அழும்."

அழுவாள் என்றுகூட இல்லை, அழும். அந்தக் குரலுக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்தவளே சின்னவள்தான். தையல்காரர் தன் கடைக்குப் போய் இயந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார். சின்னவள் முக்காலியை எடுத்துச் சுவரோரம் வைத்தாள்.

"பஞ்சத் திரும்ப ஒட்டிடுங்க" என்றாள். "புள்ளைக்கு சத்தம் ஆகாது."

பஞ்சர்காரர் அன்று செய்த வேலை சுத்தமான வேலை. அந்த டயரில் அதற்குப் பிறகு காற்று இறங்கவே இல்லை.

மறுநாள் காலையில் மகள் சித்தி என்று கூப்பிட்டபோது சின்னவள் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தார்கள். சர்வேயர் இங்கே பார் என்றார், அவளுடைய சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், கடைசியில் கையைத் தட்டினார். கை தட்டியதற்குத் திரும்பினாள், மற்றது எதுவும் அவள் காதுக்குள் போகவில்லை. காது வைத்தியர் விளக்குப் போட்டுப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால் கரண்டியைப் போட்டார், திரும்பினாள். அம்மா என்று கூப்பிட்டார், சும்மா இருந்தாள். காதில் ஒரு குறையும் இல்லை, கூப்பிடுகிற சொல்லில் ஏதோ கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கல்லூரிக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் மகள், "கார் சாவிய ஸ்டெப்னி எங்கப்பா வெச்சுது?" என்று வாய்விட்டாள். சின்னவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கதவுக்குப் பின்னால மாட்டியிருக்கேன் கண்ணு" என்றாள். அவள் முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை, கூப்பிட்டால் பதில் சொல்கிற முகம்தான். சர்வேயர் செருப்பில் பாதிக் கால் நுழைத்தபடி அப்படியே நின்றார்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும்தான் கேட்டது. அத்தானும் மகளும் கெஞ்சிப் பார்த்தார்கள், காலில் விழுந்தும் பார்த்தார்கள், அவளுக்குக் கேட்டால்தானே. சாப்பாடு வேண்டும் என்றாலும், காய்ச்சல் என்றாலும், மன்னித்துவிடு என்றாலும், அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சொன்னதை வாசலில் நின்று, தெரு கேட்கச் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்து மகளின் கல்யாணத்தில் மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்தவளைக் குடும்பப் புகைப்படத்துக்கு அழைக்க வேண்டியிருந்தது. மணப்பெண் மேடையில் நின்று, முகமெல்லாம் நனைய, முழுத் தொண்டையில் இரண்டு முறை கூப்பிட்டாள். இதோ வந்துட்டேன் என்று சின்னவள் ஓடிவந்து, பெண்ணின் கண்ணைத் துடைத்துவிட்டு, ஓரத்தில் நின்றுகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாள் திகைத்தார்கள், மூன்றாம் நாள் அவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாயார் மட்டும் மரியாதை குறையக் கூடாது என்று ஸ்டெப்னியம்மா என்றார். அதற்கும் அவள் திரும்பினாள்.