அந்தாந்தே யாருடைய நடை

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, பாடகர் குழுப் பயிற்சி தொடங்கும் முன்பே, கெர்ட்ரூட் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த என் பட்டியலைக் கிழித்து எடுத்தாள். பதினொரு வருடமாக அங்கே இருந்த பட்டியல். குழுவின் செயலாளர் என்ற முறையில் நான்தான் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தேன். இசைத்தாள்களின் தலைப்பில் வரும் இத்தாலியச் சொற்களை இரண்டே பத்தியில் அடக்கியிருந்தேன்: இடப்பக்கம் 'மெதுவாக', வலப்பக்கம் 'வேகமாக'. லார்கோ, அடாஜியோ, அந்தாந்தே இடப்பக்கம். அல்லெக்ரோ, பிரெஸ்டோ வலப்பக்கம். ஒருவரும் சந்தேகம் கேட்டதில்லை.

"கோவிச்சுக்காதீங்க கோலின் அண்ணே. பாதிக்கு மேல தப்பு."

கெர்ட்ரூட் கமுந்திங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்; எங்கள் குழுவை நடத்துபவளும் அவள்தான். புது இயந்திரம் பூட்ட அங்கே ஓர் இத்தாலியர் வந்திருந்தார். கேன்டீனில் அவர் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். லார்கோ என்றால் அகலம். அடாஜியோ என்றால் ஆற அமர. அல்லெக்ரோ என்றால் அவர்கள் ஊரில் சந்தோஷம்.

"அட ஆண்டவரே!" என்றாள் நவமணி. "அப்ப இத்தன வருசமா கிறிஸ்மஸ் பாட்ட நாய் தொரத்துற மாரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு பாடியிருக்கோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தாந்தே?" என்று கேட்டேன். போட்டிப் பாட்டின் தலையில் இருந்த சொல் அது.

"நடக்கிறது. மெதுவா இல்லலா. சும்மா நடந்து போறது."

மூன்று வாரத்தில் ஈப்போவில் போட்டி. சென்ற வருடம் அங்கே பாடியபோது, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக அடக்கம் செய்கிறீர்கள் என்று நடுவர் சொன்னார். எங்கள் பங்குப் பேரவைத் தலைவர் லயனல் அதை மறக்கவில்லை. இந்த முறையும் இழுத்தால் கிறிஸ்மஸிலிருந்து பூசைக்குப் பதிவு செய்த பாட்டுதான், குழு வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். நாங்கள் பதினேழு பேர். என் மனைவி போன பிறகு, சட்டையை இஸ்திரி போட்டு நான் வெளியே கிளம்புவது இந்த ஒரு பயிற்சிக்குத்தான். இப்போது அந்த இழுவைக்குக் காரணம் என் பட்டியல் என்றால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

"நடக்கிறதுன்னா யாரு நடை?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். "எனக்கு பெலான் பெலான்தான், மெதுவாத்தான் வரும்."

"உங்க நடைல பாடுனா புதுவருசம் வந்துரும் அண்ணே," என்றாள் நவமணி.

கெர்ட்ரூட் விவாதத்தை வளர விடவில்லை. எல்லோரையும் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், பாடிக்கொண்டே நடக்கச் சொன்னாள். முதல் சுற்றில் நவமணி சாக்கடை ஓரம் போய்விட்டாள், ஸ்டானிஸ்லாஸ் மாதா சிலையைத் தாண்டவில்லை. இரண்டாம் சுற்றில் அவர் நடுவில் போனார், மற்றவர்கள் அவரைச் சுற்றி. அப்போதுதான் கெர்ட்ரூட் கையைத் தூக்கி, "நில்லுங்க!" என்றாள்.

"நின்னுதானே இருக்கோம்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"அதான் அண்ணே! ஒவ்வொரு வரி முடிஞ்சதும் எல்லாரும் நிக்கிறீங்க. யாருக்காக?"

குனிந்து பார்த்தேன். பதினாறு ஜோடிக் கால்கள், என்னுடையதும் சேர்த்து, தார்மேல் அப்படியே நின்றிருந்தன. காரணம் எனக்குத்தான் முதலில் பிடிபட்டது. நாங்கள் முன்பு குடியிருந்த ரப்பர் தோட்டத்துச் சிற்றாலயத்தில் பாட்டுப் புத்தகம் கிடையாது. உபதேசியார் அடுத்த வரியைச் சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருப்போம். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், நாங்கள் ஊருக்குள் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தோம், புத்தகமும் வந்தது. உபதேசியார் இறந்து இருபத்திரண்டு வருடம். இன்னும் அவருக்காகக் காத்திருந்தோம். என் பட்டியல் அந்தக் காத்திருப்புக்கு ஓர் இத்தாலியப் பெயரைக் கொடுத்து நியாயம் செய்திருந்தது, அவ்வளவுதான்.

சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"சரி," என்றாள் கெர்ட்ரூட். "இனிமே அவரு வர மாட்டாரு. போலாம்."

ஈப்போ மண்டபத்தில் லயனல் மூன்றாவது வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முதல் வரி முடிந்த இடத்தில் பழக்கத்தில் நிற்கப் பார்த்தேன். பக்கத்தில் ஸ்டானிஸ்லாஸின் குதிகால் மெல்ல எழும்பி இறங்கியது. அவ்வளவு போதும். இரண்டாம் வரிக்குள் போய்விட்டோம், மூன்றாவதற்குள்ளும். பாட்டு எங்களைச் சுமந்து போவதை முதல் முறையாக உணர்ந்தேன். பதினொரு வருடம் நாங்கள்தான் அதைச் சுமந்திருக்கிறோம். கடைசிச் சரணத்தில் பார்த்தால் லயனலின் கைகள் அவிழ்ந்திருந்தன, உதடு அசைந்துகொண்டிருந்தது.

முடிவு அறிவிக்க நேரமாகும் என்றார்கள். வெளியே வராந்தாவுக்கு வந்தோம். லயனல் பின்னாலேயே வந்தார். கெர்ட்ரூட்டின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கிறிஸ்மஸுக்கு எத்தன மைக் வேணும்?"

"மைக் எதுக்குலா அண்ணே?" என்றாள் நவமணி. "கேக்கலையா உங்களுக்கு?"

அதற்குமேல் யார் என்ன பேசினார்கள் என்று வரிசையாக என்னால் எழுத முடியாது. மழை விட்டிருந்தது, தூரத்துச் சுண்ணாம்புக் குன்றில் வெயில் அடித்தது. பதினேழு பேரும் ஒரே சமயத்தில் பேசினோம், ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருக்காமல். உள்ளே ஒலிபெருக்கியில் எங்கள் கோயிலின் பெயரைச் சொன்னார்கள். எத்தனையாவது இடம் என்பது அந்தச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை.