முப்பத்தேழாம் நம்பர்

1908இல், மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், சிங்கப்பூர் முனிசிபாலிட்டி ஆட்கள் சிராங்கூன் ரோட்டு வீடுகளுக்கு நம்பர் தகடு அடித்துக்கொண்டு வந்தார்கள். மாட்டுத்தீவனக் கடை யாக்கூபின் வாசல் நிலையில் முப்பத்தேழு ஏறியது.

தெருவில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. வரியை ஏற்றத்தான் என்றார்கள் சிலர். அம்மை கண்ட வீட்டைக் குறித்துவைத்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றார்கள் வேறு சிலர். பக்கத்துக் கொட்டகையில் இருபது மாடு வைத்திருந்த பரமசிவம், "இன்னைக்கு வீட்டுக்கு நம்பர், நாளைக்கு மாட்டுக்கு. அப்புறம் ஓட்டிட்டுப் போயிருவான்" என்றார்.

இனி விலாசம் தவறாது என்று யாக்கூபுக்கு மட்டும் சந்தோஷம். அன்றைக்கே, இந்த வீட்டுக்கு இதுவரை வந்திராத பினாங்குச் சகலை ரவூபுக்குக் கடிதம் எழுதினார். ரவூபின் மனைவி பரீதா, அதாவது யாக்கூபின் மனைவி ஜரீனாவின் தங்கை, உடம்பு சரியில்லை என்று வந்து இரண்டு மாதமாக இங்கேதான் இருந்தாள். 'தேறிவிட்டாள், வந்து அழைத்துப் போங்கள். சிராங்கூன் ரோடு, நம்பர் முப்பத்தேழு.' தபாலில் போட்டுவிட்டு வந்து ஜரீனாவிடம் சொன்னார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் தகடு இல்லை.

யாக்கூப் நேராகக் கொட்டகைக்குப் போனார். "என் தகட்டை எங்கே போட்டே?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

"உன் தகட்டை எடுத்து என் மாட்டுக்குத் தீனி போடவா?" என்றார் பரமசிவம். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

தகடு அடிப்பவர்களின் மேஸ்திரி ஆம்ப்ரோஸ் இன்னொன்றைக் கொண்டுவந்து அடித்தார். போகும்போது, "நீங்களே கழட்டிட்டு எங்கிட்டக் கதை விடலையே பாய்?" என்று கேட்டது யாக்கூபைச் சுட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்படுவதுபோல் போய், பின் சந்து வழியாகத் திரும்பி, தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஜரீனா முக்காலியில் ஏறிக் குறடால் ஆணியைப் பிடுங்கினாள்.

"நீயா?"

அவள் இறங்கவில்லை. "நம்பரை எழுதி அனுப்பிட்டீங்களே. இந்த ரோட்டுல எத்தனை யாக்கூபு இருக்காங்க! நம்பர் இல்லாட்டி அவரு தேடி அலைஞ்சுட்டுப் போயிருவாருன்னு நெனச்சேன்."

"வந்தா என்ன? புருஷன்தானே?"

ஜரீனா தங்கையைக் கூப்பிட்டு, அவள் கையை மூடியிருந்த முக்காட்டை விலக்கினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். சில பழையவை. சில இன்னும் கறுக்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்களும் அவரும் சேர்ந்து சரக்கு எடுக்கறவங்க. நீங்க யார் பக்கம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

யாக்கூப் சுத்தியலை எடுத்துத் தகட்டைத் தாமே அடித்தார். "வரட்டும். வாசல்லயே பார்த்துக்கறேன்."

கொட்டகைக்குப் போய்த் தப்பை ஒத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பரமசிவம் பால் கறப்பதை நிறுத்தவில்லை. "முதல்ல உன் வீட்டுக்குள்ள பார்த்திருக்கணும்" என்றார், அவ்வளவுதான். இந்த ஆள் உதவுவாரா, ஒதுங்கிக்கொள்வாரா என்று தெரியாமலேயே யாக்கூப் திரும்பினார்.

பத்தாம் நாள் பினாங்குக் கப்பலில் ரவூப் வந்தார். கையில் கடிதம். தகடுகளைப் பார்த்துக்கொண்டே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்.

"பரீதா எங்க சகலை?"

"உள்ளதான் இருக்கா. உங்களோட வர மாட்டா."

"எம் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக ஒங்க அனுமதி வேணுமா?" ரவூப் படியில் கால் வைத்தார். யாக்கூப் நகரவில்லை. ரவூப் அவர் சட்டையைப் பிடித்தார்.

"பாய் வீட்டுல என்ன சத்தம்?"

பரமசிவம், பின்னால் பால்காரர்கள் நாலு பேர். யாரும் கை ஓங்கவில்லை, சும்மா நின்றார்கள். ரவூப் சட்டையை விட்டார். "எத்தனை நாளைக்கு இப்படி நிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு ரிக்‌ஷாவில் ஏறினார்.

அடுத்த வாரம் யாக்கூப் பரீதாவைக் காஜியாரிடம் அழைத்துப் போனார். தனக்கு நடந்ததை அவளே சொன்னாள், ஒரு இடத்தில்கூடக் குரல் தடுமாறாமல். மணவிடுதலை கிடைக்க மூன்று மாதமாயிற்று. அதுவரை வாசலில் ரிக்‌ஷா நின்றால் ஜரீனா கைவேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாள். யாக்கூபும் கல்லாவை விட்டு எழுந்துவிடுவார்.