குடைக்கு மேலே ஒரு கண்

"அப்பாவோட கண்ணை இறக்கிடும்மா."

இந்தப் பேச்சை மட்டும் வீட்டில் எடுக்காதே என்று சித்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மகள் எடுத்தேவிட்டாள். தையல் மிஷின் நின்றது.

வானத்துக்குச் செயற்கைக்கோள் ஏற்றுவது மலிந்துபோன காலம். பழைய சைக்கிள் விலைக்கு ஒரு கண் வாங்கி மேலே விடலாம். பெண் எங்கே நடக்கிறாள், யாரோடு நிற்கிறாள் என்று அது போனில் சொல்லும். மகள் காலேஜில் சேர்ந்தபோது அப்பா வாங்கினார். குடும்பத்தில் முதல் பட்டம். தெருவில் முதல் கண். பிறகு வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். மழையும் வெயிலும் இல்லாத அந்தியில்கூடப் பெண்கள் குடை பிடித்து நடந்தார்கள். அம்மாவின் மிஷினில் குடைத்துணி மலையாகக் குவிந்தது.

வாங்கும்போதே அப்பா தன் குரலைப் பதிந்து கொடுத்திருந்தார். கண் சொல்வதெல்லாம் அவர் குரலில்தான். "ஊரான் கண்ணும் மேலேதான் சுத்துது, குடையை விரி" என்பது அவருடைய ஓயாத பாட்டு. அவர் போய் வருஷமாகிறது. கண் போகவில்லை. பகலில் மகள் கையில் இருக்கும் அந்தப் போனை இரவில் அம்மா தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

"அந்தக் குரல் ஒண்ணுதான்டி மிச்சம். அதையும் பிடுங்கணுமா, பட்டதாரி?"

"நேத்து என்ன சொல்லிச்சுன்னு கேளு."

மகள் போனை அழுத்தினாள். அப்பாவின் அதே கனைப்பு. பிறகு நிதானமாக: "குடையை மடக்கு. முகம் தெரியல."



"அப்பா என்னைக்காவது மடக்கச் சொல்லியிருக்காரா? செத்தவங்க கண்ணையெல்லாம் கம்பெனி மொத்தமா யாருக்கோ வித்துடுச்சாம். எவனோ பார்க்கறான்மா. அப்பா தொண்டையில பேசறான்."

அம்மா நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன மாசம் 'சாப்பிட்டியா'ன்னு என்னைக் கேட்டுச்சு. உங்கப்பா என்னைக்குடி அப்படிக் கேட்டாரு?" துணியை மறுபடி ஊசிக்கடியில் தள்ளினாள். "யாரா இருந்தா என்ன? வயசுப் பொண்ணை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கறது நல்லதுதானே."

 மகளின் குடை ஆணியில் தொங்கியது. விரித்தால் அப்பா பேச்சு. மடக்கினால் அவன் பேச்சு. அதைத் தொடாமல் போனை மட்டும் எடுத்துக்கொண்டாள். கண் விற்ற கடை தெருக்கோடியில்தான். போனும் வாரிசும் நேரில் வந்தால் கைமாறிய கண்ணையும் இறக்கிவிடுவார்கள், இறங்கும்போதே எரிந்துவிடும் என்று விசாரித்துவிட்டுத்தான் அவள் பேச்சையே எடுத்திருந்தாள்.

"நில்லுடி," என்றாள் அம்மா.

"எங்கே கிளம்பிட்ட?" என்றது கைக்குள்ளிருந்து அப்பாவின் குரல்.

இருவருக்கும் பதில் சொல்லாமல் வாசலைத் தாண்டினாள்.