முதல் கையெழுத்து

திருப்பதியில் காலநிலைச் சட்டம் படிக்கும் யாமினியின் வகுப்புக்கு, பேராசிரியர் ஒரு திட்ட அறிக்கையைக் கொடுத்தார். மக்களின் இசைவை எப்படிப் பெற வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் என்றார்.

தமிழ்நாட்டு எல்லையோரம், ஆந்திராவின் விஜயபுரம் பக்கத்தில் ஐம்பத்திரண்டு பேரின் நிலத்தில் புங்கன் நட்டிருந்தார்கள். முப்பது வருடம் வெட்டக் கூடாது. அந்த மரங்கள் உறிஞ்சும் கரியமில வாயுவுக்கு விலை போட்டு ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். ‘உள்ளூர் மொழியில் விளக்கி இசைவு பெறப்பட்டது’ என்றது அறிக்கை.

கடைசிப் பக்கத்தில் முதல் கையெழுத்து அவள் அப்பா கோவர்த்தனனுடையது. தமிழில். ஒப்பந்தம் தெலுங்கில்.

அன்றே ஊருக்குப் பஸ் ஏறினாள்.

“செடி சும்மா குடுக்கறோம்னாங்க. வேணும்னா வெட்டிக்கலாம்னாங்க” என்றார் அவர். “வர்ற பட்டத்துக்கு வெட்டிட்டு வேர்க்கடலை போடணும்.”

“போட முடியாது நைனா. வெட்டினா கேஸு. நீ படிச்சியா அத?”

“தெலுங்கு படிக்க எனக்கு எங்க வரும்?”

“அத அந்தக் கம்பெனிக்காரங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“அரை மணி நேரம் தெலுங்குலயே பேசிக்கினு இருந்தேன். கோவர்த்தனன் காரு, சாருன்னு மரியாதையாப் பேசினான். அப்பால போயி படிக்கத் தெரியாதுன்னு எப்பிடிச் சொல்றது? பேப்பரப் பாத்தேன். தலைய ஆட்டினேன். என்னப் பாத்துட்டுத்தான் எல்லாரும் போட்டாங்க.”

படிக்காமல் போட்டதாக அவர் எழுதிக் கொடுத்தால்தான் திட்டத்துக்கு எதிரான ஆட்சேபம் நிற்கும் என்றாள்.

“ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். ஐம்பத்திரண்டு பேரும் தமிழ்ல கையெழுத்துப் போடறதப் பாத்தும் தெலுங்குப் பேப்பரயே நீட்டினானே, அவனுக்கு வெக்கம் இல்ல. ஒனக்கு எதுக்கு?”

வாங்கியது வெளிநாட்டு விமான நிறுவனம் என்று அவள் சொன்னதும், அவர் கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

“அவன் பிளேன்ல பறக்கறதுக்கு நான் கடலை போடக் கூடாதா?”

சட்டையை மாட்டிக்கொண்டு சந்திரம்மா வீட்டுக்குப் போனார். அவருக்கு அடுத்ததாகக் கையெழுத்துப் போட்டவள். மகன் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு தனியாகப் பயிர் வைப்பவள். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப அன்னிக்கு இன்னாத்துக்குத் தலைய ஆட்டின?”

“வெக்கம்கா.”

“ஒன் வெக்கத்துக்கு எனக்கு முப்பது வருசமா? அதுவரைக்கும் நான் மண்ணத் துன்றதா?”

 கூடவே வந்திருந்த யாமினி ஆட்சேப மனுவையும் பேனாவையும் நீட்டினாள். சந்திரம்மா பேனாவைத் தட்டிவிட்டாள்.

“மொதல்ல படி. ஒரு வரி விடாமப் படி.”