வீட்டுச் சத்தங்கள்: இல்லை

பின்னேரம் மூன்று நாற்பதுக்குத் தர்ஷிகா கேற்றைத் திறந்து ஓடிப்போய் பேக்கரிப் பாண் விற்கும் ஆட்டோவை மறித்தபோது, அவள் கழுத்தில் ஹெட்செட் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த நிஸாம் பிரேக் பிடித்தார். வண்டி நின்றதே தவிர பாட்டு நிற்கவில்லை. கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய், ஒழுங்கையிலுள்ள ஒன்பது வீட்டுக்கும் மனப்பாடமான அந்த ஒரே மெட்டை விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

"நானா, அத கொஞ்சம் நிப்பாட்டுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

நிஸாம் பதறிப்போய் நிறுத்தினார். "என்ன தங்கச்சி, வீட்டுல யாருக்கும் சொகமில்லயா?"

"எல்லாரும் சொகந்தான். என் வேலதான் போகப் போகுது."

அவள் வேலை கொழும்புக் கம்பெனி ஒன்றில். தனியார் ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்க்கத் தொலைபேசியில் நேரம் குறித்துக் கொடுப்பார்கள். தமிழில் பேசுகிறவர்களின் அழைப்புகள் அவளுக்கு வரும். கல்யாணமாகி நான்கு வருடமும் வெள்ளவத்தையில் ஒரு போர்டிங்கில் இருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் கண்டி பஸ், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பும் பஸ். நிரஞ்சனுக்குப் பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் திருத்தும் வேலை. குண்டசாலைப் பக்கம் இரண்டு அறை வீட்டில், நான்கு வருடமாக இருவரும் ஒருவருக்கொருவர் விருந்தாளியாக இருந்துதான் குடித்தனம் நடத்தினார்கள்.

தன் புருஷனைச் செவ்வாய்க்கிழமையில் அவள் பார்த்ததே கிடையாது. வீட்டிலிருந்து வேலை செய்யலாம், மூன்று மாதம் சோதித்துப் பார்ப்போம் என்று கம்பெனி சொன்ன பிறகுதான் பார்த்தாள். சனிக்கிழமை நிரஞ்சன் அயர்ன் பண்ணிய சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பான், "பயணம் எப்படி?" என்று மரியாதையாக விசாரிப்பான். செவ்வாய்க்கிழமை நிரஞ்சன் எண்ணெய் வாசத்தோடு வந்து, ஒரு காலுறையை மட்டும் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றுவதற்குள் தூங்கிப்போவான். எழுந்ததும் பருப்புக் கறியில் உப்பு போதாது என்று முறைப்பான். அவளுக்குச் செவ்வாய்க்கிழமைக்காரனைத்தான் கூடுதலாகப் பிடித்தது. இதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே அயர்ன் பண்ணிக்கொண்டு வந்து நிற்பான்.

கம்பெனி ஒரு கையேடு அனுப்பியிருந்தது, நாற்பத்திரண்டு பக்கம். தனி அறை, மூடிய கதவு, இடப்பக்கமிருந்து வெளிச்சம், கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒரு செடி. தர்ஷிகா முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டு மூடிவிட்டாள். நிரஞ்சன் பென்சிலால் கோடு போட்டுப் படித்தான். அலுமாரியை இழுத்துக் குறுக்கே வைத்து, அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கதிரை போகிற அளவுக்கு இடம் உண்டாக்கி, மூன்று பக்கமும் கம்பளிப் போர்வை தொங்கவிட்டான். அதுதான் ஆபீஸ். மறுநாள் ஜாம் போத்தலில் தண்ணீர் ஊற்றி ஒரு கொடியையும் கொண்டுவந்து வைத்தான்.

"பதினேழாம் பக்கம் சொல்லுது," என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நான்கு வருடம் பஸ்ஸில் போய்வரலாம் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. ஆனால் போய்வரத்தான் முடியாது. சேர்ந்திருந்து பழகிவிட்டது.

நிபந்தனை ஒன்றுதான். அழைப்பில் வெளிச்சத்தம் மூன்று தடவை பதிவானால் கொழும்புக்கே திரும்ப வேண்டும். முதல் தடவை தகரக் கூரையில் குரங்குகள் குதித்தன. குரங்குகளிடம் யார் பேசுவது? இரண்டாவது தடவை, வவுனியாவிலிருந்து ஓர் அம்மா கணவரின் நெஞ்சுவலிக்கு டாக்டர் தேடி அழுதுகொண்டிருந்தபோது, பாண் வண்டியின் மெட்டு குஷியாகப் போர்வைக்குள் வந்துவிட்டது. இன்னும் ஆறு வாரம் பாக்கி, சத்தம் ஒன்றுதான் பாக்கி.

நிஸாம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "அதுக்கென்ன தங்கச்சி. ஒங்கட லேனுக்குள்ள வரக்குள்ள நிப்பாட்டிட்டு வாறேன். மாப்பிள்ளையோட இரிக்கிறதுதானே முக்கியம்."

சொன்னபடியே செய்தார். ஆனால் பாட்டுப் போடாத பாண் வண்டியை யார் கவனிப்பார்கள்? பத்து வருடமாகக் குழாய்தான் அவருக்காகக் கூவியது. வாயால் கூப்பிட அவருக்கு வெட்கம். ஒவ்வொரு கேற்றாக எட்டிப் பார்ப்பார். யாரும் வரமாட்டார்கள். தர்ஷிகாவின் கேற்றுக் கொளுக்கியில் முதலை போல நீண்ட, சீனி தூவிய கிம்புலா பனிஸ் இரண்டைக் கடதாசிப் பையில் போட்டுத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார். முன்பு நிரஞ்சன் தனியாக இருந்தபோது ஒன்று வாங்குவான். அவள் வந்த முதல் வாரமே நிஸாம் கேட்காமல் இரண்டாக்கினார். போர்வையை விலக்கி ஜன்னல் வழியாக அவர் போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் குற்றவுணர்ச்சியாக இருந்தது. காதில் யாரோ பல் டாக்டருக்கு நேரம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நிரஞ்சன் சும்மா இருந்தானா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற எட்டு வீட்டுக்கும் ஏறி இறங்கினான். பக்கத்து வீட்டு வேலாயி அக்கா உரலில் மிளகாய்த்தூள் இடித்து விற்கிறவர். இடிக்கிறதை அஞ்சு மணிக்கு மேல் தள்ளிவைத்தார். எதிர்வீட்டுச் செல்லச்சாமி ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டார். குலைக்கிற நாயைப் பின்பக்கம் கட்டினார்கள். ஓர் ஒழுங்கையே அவளுக்காக நுனிக்காலில் நடந்தது.

கடைசி வாரம் ஓர் ஆய்வுப் படிவம் வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைப் பற்றிக் கம்பெனி நடத்தும் ஆய்வாம். பத்தொன்பதாவது கேள்வி: வேலை நேரத்தில் உங்கள் வீட்டில் கேட்கும் சத்தங்களை எழுதுக. கீழே பத்து வரி இடம்.

"என்னங்க எழுதுறது?"

"இல்லன்னு போடு. எதுக்கு வம்பு."

போட்டாள்.

மூன்று மாதம் முடியும் வெள்ளிக்கிழமை, மூன்று முப்பத்தைந்துக்கு டிலானி மிஸ் கூப்பிட்டார். தமிழ்ப் பிரிவுக்கு அவர்தான் மேலாளர்.

"தர்ஷிகா, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்டுல மிஸ்."

"ஆறு கிழமையா உங்கட டெலிபோன் கோல் எல்லாம் கேட்டேன். ஒரு நாய் குலைக்கல்ல, ஒரு கோப்பை விழல்ல. ஃபோர்ம்லயும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. வீடுன்னா சத்தம் இருக்கும்தானே? இங்க ரெண்டு பேர் வெளியில ரூம் எடுத்து, வேற ஆக்கள வச்சுக் கோல் எடுத்து மாட்டியிருக்காங்க. இது நோயாளிகள்ட விஷயம். நீங்களும் அப்படியான்னு மேல கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

தர்ஷிகா கெமராவைப் போட்டாள். கம்பளிப் போர்வைதான் தெரிந்தது. அது எந்த வீட்டுப் போர்வை என்று போர்வையா சொல்லும்? ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ்ஸின் ஜன்னலும், வெளியே கைகாட்டிக்கொண்டு நிற்கும் அயர்ன் பண்ணிய சட்டையும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"மிஸ், நான் பொய் எழுதிட்டேன். சத்தம் இருக்கு. நெறய இருக்கு. லேன்ல எல்லாரும் எனக்காக அடக்கி வச்சிருக்காங்க."

திரையின் மூலையில் மணி 3.40. அவள் போர்வையைப் பிடித்து இழுத்தாள், கயிறோடு வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நிஸாமின் வண்டி ஊமையாக உருண்டு வந்துகொண்டிருந்தது.

"நானா! பாட்டப் போடுங்க!"

நிஸாம் வாயில் விரலை வைத்து எச்சரித்தார். வேலை நேரத்தில் இவளே இப்படிக் கத்துகிறாளே என்று அவருக்குப் பயம்.

"போடுங்க நானா! நல்லா சத்தமா!"

போட்டார். ஆறு வாரம் அடைபட்டிருந்த மெட்டு ஒழுங்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. வேலாயி அக்காவின் கதவு முதலில் திறந்தது. "என்னடி, தடைய எடுத்துட்டாங்களா?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்குள் திரும்பி மருமகளை இடிக்கச் சொன்னார். உரல் முழங்கியது. செல்லச்சாமி ரேடியோவை முழுதாகத் திருகினார். பின்பக்கம் கட்டியிருந்த நாய் ஆறு வாரத்துக்கும் சேர்த்துக் குலைத்தது. எட்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் ஆட்டோவை நோக்கி ஓடினார்கள்.

தர்ஷிகா லேப்டாப்பைக் குழந்தையைப் போல ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தாள்.

"இது மூணாவது சத்தம். தெரியும்தானே?" என்றார் டிலானி மிஸ், கடைசியில்.

"தெரியும் மிஸ்."

"திங்கக்கிழமை சொல்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர்கிட்ட கிம்புலா பனிஸ் இருக்கா?"

"இருக்கு மிஸ்."

"ம்," என்றார். ஆனாலும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

நிஸாமைச் சுற்றி ஒரே கூட்டம். யாருக்கு எதைக் கொடுப்பது என்று திணறிக்கொண்டிருந்தார். நடுவில் நினைவு வந்தவர்போல ஒரு கடதாசிப் பையை எடுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவள் ஜன்னலிலேயே நிற்கிறாள், கையில் கொடுத்திருக்கலாம். பழக்கதோஷத்தில் கேற்றுக் கொளுக்கியில் தொங்கவிட்டுவிட்டுப் போனார். பையின் அடியில் எண்ணெய் மெல்ல ஊறியது. உள்ளே இரண்டு இருந்தன.