தையலுக்கு விட்ட ஓரம்

எங்கள் தொண்டூர் காலனிக்கு ஒரே ஒரு போர்வெல்தான் சாங்ஷன் ஆகியிருந்தது. ஒரு துளை, தண்ணீர் வராவிட்டால் போர் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். செஞ்சிப் பக்கம் முழுக்கப் பாறை. பாறை வெடிப்பில் இறக்கினால்தான் தண்ணீர். அந்த வெடிப்பைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுவதுதான் 1989இல் செஞ்சியில் என் வேலை. அதனால் காலனியே என் முகத்தைப் பார்த்தது. எரிச்சல் வராதா?

படம் பெரியது, ஒரு கம்ப்யூட்டர் தாங்காது. மூன்றாக வெட்டி, மூன்று கம்ப்யூட்டரில் தனித்தனியாக ஓட்டி, கடைசியில் ஒட்டுவோம். ஒட்டியதும் காலனி மேல் பளிச்சென்று ஒரு கறுப்புக் கோடு. வெடிப்பேதான் என்று எஞ்சினியர் அங்கே முளை அடித்துவிட்டார். மறுநாள் வண்டி வருகிறது.

கூட வேலை செய்யும் சாஜிதா மட்டும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, ரெண்டு துண்டு சேர்ற எடத்துலயேதான் இந்தக் கோடு இருக்குது."

"அதுக்கு இன்னா இப்போ?"

"ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளியோட கலந்துதானே மிஷின் படத்தச் சீராக்குது? ஓரத்துப் புள்ளிக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல. கறுப்புன்னு எடுத்துக்கினு கலந்துடுச்சி. துணி வெட்டுனா தையலுக்கு வுட்டு வெட்ட மாட்டோமா? நாம வுடவே இல்லியே."

அப்படியானால் அது வெடிப்பே இல்லை, நாங்கள் வெட்டிய தடம்.

பக்கத்துத் துண்டின் ஓரத்தையும் சேர்த்து வெட்டி, மூன்றிலும் மறுபடி ஓட்டினோம். கரண்ட் போகக்கூடாதே என்று மேல்மலையனூர் அம்மனை வேண்டினேன். சாஜிதாவும் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். ஒட்டிப் பார்த்தால் அந்தக் கோட்டைக் காணோம். அதன் கறுப்பில் மறைந்திருந்த மெல்லிய கோடு ஒன்று, கோணல்மாணலாக, காலனியின் கிழக்குக் கோடிக்குப் போனது.

புதுப்படத்தைக் காட்டியதும் எஞ்சினியர் முணுமுணுத்துக்கொண்டே முளையை மாற்றினார். துளை போட ஆரம்பித்தார்கள். வெள்ளைப் புழுதிதான் வந்துகொண்டே இருந்தது. என் அக்கா சின்னப்பொண்ணு என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. அப்புறம் புழுதி ஈரமானது, சேறானது, தண்ணீர் பீய்ச்சி அடித்தது. போன உயிர் திரும்பி வந்தது. நனைந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அக்கா வந்து தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அழுவறதுக்கு இதான் நேரமா? எழுந்து கொடத்தப் புடிடா."