சிரிப்பு அடங்கினால்தான் டைல்ஸ்

பூரணி வீட்டுக் குளியலறைத் தரை சிரிக்கும். மலை மேல் கட்டின பழைய பலகை வீடுகளில் இது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். உள்ளங்கால் பட்டால் பலகைக்குக் கூசும், கூசினால் சிரிக்கும். கூடத்துப் பலகைகள் மேல் பீரோ, கட்டில், அரிசி மூட்டை என்று ஏதாவது உட்கார்ந்திருப்பதால் அவை அடக்கமாக இருந்துவிடும். குளியலறைப் பலகைக்கு அப்படி ஒரு பொறுப்பும் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் வெறுங்காலோடு வருகிறார்கள், போதாததற்குத் தண்ணீர் வேறு ஊற்றுகிறார்கள்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலை பூரணி குளிக்கப் போனபோது தரை விழுந்து விழுந்து சிரித்தது. "இருடி, கண்ணுல நுரை போயிருச்சு" என்று சொல்லிவிட்டுச் சோப்பு டப்பாவைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் நல்ல பழக்கம். மகள் பொன்னி பிறந்த பிறகு இன்னும் வசதியாகப் போயிற்று. பிள்ளை சிணுங்கினால் குளியலறையில் கொண்டுபோய் நிறுத்துவாள். பொன்னி ஒரு அடி வைக்க, தரை சிரிக்க, அதைப் பார்த்துப் பொன்னி சிரிக்க, இவள் அந்த நேரத்தில் குழம்பைத் தாளித்து இறக்கிவிடுவாள்.

சிக்கல் வேதவல்லியால் வந்தது. வேதவல்லி பூரணியின் நாத்தனார், புருஷன் தவமணிக்கு ஒரே தங்கை. மலைக்குக் கீழே வாழ்க்கைப்பட்டவள், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள். தாய் போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று. ஆகவே தாய்வீடு என்பது பூரணிதான்.

"அண்ணி, எனக்கு இப்பக் காலே கண்ணுல படறதில்லீங்க" என்றாள் வேதா போனில். "குனிஞ்சா வயிறுதான் தெரியுது. செருப்பு ஜோடியா, மாத்தியா போட்டிருக்கேன்னு யாராச்சும் சொன்னாத்தான் உண்டு."

பூரணியும் சேர்ந்து சிரித்தாள். போனை வைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஈரப் பலகை வழுக்கும். சிரிக்கிற பலகை குலுங்கும். கால் எங்கே என்றே தெரியாத நிறைமாதக்காரி அதன் மேல் நிற்கிற நேரம் பார்த்து அது ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால்? அவள் அடுப்பை அணைத்துவிட்டு, பொன்னியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நேராகச் சவரிமுத்து மேஸ்திரி வீட்டுக்குப் போனாள்.

மேஸ்திரி வந்தார். ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கேட்டார். விளிம்பு வரை நிரப்பித் தரையின் நடுவில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, சொம்பைச் சுற்றி நடந்தார். தரை சிரித்ததில் பாதித் தண்ணீர் அவர் வேட்டியில்.

"நல்லாத்தான் சிரிக்குது அம்மணி, குறை சொல்ல முடியாது" என்றார். "ஆனா சிரிக்கிற தரையில டைல்ஸ் ஒட்டக்கூடாது. மறுநாளே விண்டு போயிரும். சொம்புத் தண்ணி சிந்தாம இருக்கோணும். அப்பத்தான் என் கரண்டியை எடுப்பேன்."

"எடுத்துத்தானுங்க ஆகோணும். வேதா வர்றா."

"அப்ப ஆரம்பிச்சுருவோம்."

வீட்டில் இதற்கு எதிர்ப்பு ஒருவரிடமிருந்துதான் வந்தது. மாமனார் மாசிலாமணி உருளைக்கிழங்கு மண்டியில் எடை போட்டு ஓய்ந்தவர். அவர் பாடுவார். வெளியே யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் குளிக்கும்போது பாடுவார். தரை சிரிப்பதை அவர் தனக்கான கைதட்டலாக எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

"எனக்குன்னு இந்த ஊர்ல இருக்கறதே ஒரு ரசிகன்" என்றார். "அது மேல கல்லைப் பதிக்கிறேங்கிறியே அம்மணி."

"உங்க மக வழுக்கி விழுந்தா யாரு மாமா பாட்டுக் கேக்கறது?"

அவர் தானே எழுந்து போய்த் தன் துண்டையும் சீயக்காய் டப்பாவையும் குளியலறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

தவமணி கேரட் லோடு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்ததால் மேஸ்திரிக்குக் கையாள் பூரணியேதான். பொன்னியைக் கதவருகே ஒரு அண்டாவுக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதலில் ஒவ்வொரு பலகையையும் திருப்புளியால் குத்திப் பார்த்தார்கள். குத்தினால் சிரிக்கிற பலகை நல்ல பலகை. வாசல் பக்கம் ஒன்று மட்டும் சிரிக்காமல் பெருமூச்சு விட்டது. உளுத்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பெயர்த்துப் புதுப் பலகை போட்டார்கள். புதுப் பலகைக்குச் சிரிக்கத் தெரியாது. சாயங்காலத்துக்குள் பக்கத்துப் பலகைகள் சொல்லிக்கொடுத்துவிட்டன.

"கெட்டுப் போறதுக்கு எத்தனை நேரமாகும்" என்றார் மேஸ்திரி.

அடுத்து ஸ்க்ரூ. அடியில் ஓடுகிற குறுக்குக் கட்டையோடு பலகை ஒட்டாமல் இடைவெளி விட்டு நிற்பதால்தான் கூச்சம் உள்ளே புகுகிறது. ஸ்க்ரூ இறங்க இறங்கப் பலகை கட்டையோடு சேரும், சிரிப்பு குறையும். இடிச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தது முதல் ஸ்க்ரூவில் கெக்கலிப்பாயிற்று, அடுத்ததில் புன்னகையாயிற்று, அதற்கடுத்ததில் வாயை மூடிக்கொண்டது. ஜன்னல் ஓரத்துப் பலகை ஒன்று மூக்கால் சிரித்துக்கொண்டே இருந்தது. பூரணி அதன் தலையில் தட்டி, "போதும், பெரிய மனுசி மாதிரி இரு" என்று சொல்லிக் கடைசித் திருகு திருகினாள். அதுவும் அடங்கியது.

ஒரே ஒரு பலகைதான் வழிக்கு வரவில்லை. சுடுதண்ணீர் அண்டா இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், மாசிலாமணி நின்று குளிக்கிற பலகை. ஸ்க்ரூவை இறக்கினால் அது ஒரு குலுங்குக் குலுங்கி வெளியே துப்பியது. நீள ஸ்க்ரூ போட்டார்கள், அதையும் துப்பியது. சொம்பை வைத்துப் பார்த்தால் தண்ணீர் தளும்பிச் சிந்தியது.

மேஸ்திரி குப்புறப் படுத்துப் பலகையில் காதை வைத்தார். "இது கூச்சத்துல சிரிக்கல அம்மணி. மிச்சத்துக்குக் காத்துக்கிட்டுச் சிரிக்குது. ஏதோ ஒண்ணைப் பாதி கேட்டு வெச்சிருக்கு. மீதியைக் கேக்காம அடங்காது."

பூரணி மாமனாரிடம் போனாள். "மாமா, நீங்க எந்தப் பாட்டையாவது பாதியில விட்டிருக்கீங்களா?"

"எருமைப் பாட்டு" என்றார் அவர் உடனே. அது அவரே கட்டின பாட்டு. எட்டூர் கல்யாணத்துக்கு ஓர் எருமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போகிற கதை. வழியில் சேலை கால்வாயில் போகும், எருமை தளராமல் நடக்கும், பந்தல் வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், எருமை நேராகப் பந்திக்குப் போகும். அந்த இடத்தில் சுடுதண்ணீர் தீர்ந்துவிடும். தினமும் அங்கேதான் தீரும்.

"எருமைக்குச் சோறு கெடைச்சுதுங்களா?"

"யாருக்குத் தெரியும்? பச்சைத் தண்ணியில எப்படிப் பாடறது?"

அன்றைக்குப் பூரணி இரண்டு அண்டா சுடுதண்ணீர் போட்டாள். மேஸ்திரி புறப்படும் முன் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "மொத்தச் சிரிப்பும் ஒரே வீச்சுல வெளிய வரும். பள்ளத்துப் பக்க ஜன்னலைத் தெறந்து வையி. ரோட்டுப் பக்கம் வேண்டாம்." பள்ளத்துப் பக்க ஜன்னலில் பொன்னியின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பனியில் நாள் கணக்காகக் காயாமல் அப்போதுதான் கொஞ்சம் மொறுமொறுப்பு வந்திருந்தது. அதை யார் எடுப்பது? பூரணி ரோட்டுப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

மாசிலாமணி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். முதல் சொம்பு விழுந்தது, பாட்டு கிளம்பியது.

*எட்டூரு கல்யாணத்துக்கு எருமை ஒண்ணு போச்சாம் –*
*கட்டியிருந்த பட்டுச்சேலை கால்வாயில போச்சாம்...*

பலகை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கால்வாய் தாண்டியது, பன்னீர் விழுந்தது, எருமை பந்திக்கு வந்தது. ஓர் அண்டா தீர்ந்தது. இன்னோர் அண்டா ஆவி பறக்க நின்றது. பாட்டு நின்றுவிட்டது. பலகையும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை; அண்டாவுக்குள் பொன்னி கூடக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

"அம்மணி" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "தண்ணி இருக்குது. பாட்டு இல்லை."

பூரணி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவள். பாட்டுக் கட்டியதில்லை. ஆனால் பந்தியில் இடமில்லாமல் ஆள் நிற்பதை எத்தனையோ கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள், அப்போது என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கதவில் வாயை வைத்துச் சொன்னாள். அவர் அதை வாங்கி, ராகம் ஏற்றி, மலைக்கே கேட்கும்படி பாடினார்.

*பந்தியில எடமில்லீன்னு பதறிப் போனாங்க – மாப்*
*பிள்ளையத்தான் எழுப்பிவிட்டு எலையப் போட்டாங்க!*

பலகை சிரித்தது. பூரணி அதுவரை கேட்ட சிரிப்பெல்லாம் அதற்குத் தொண்டைச் செருமல் மாதிரிதான். அடுக்களையில் டம்ளர்கள் சாய்ந்தன, கூடத்துப் பீரோ கதவைத் திறந்து மூடியது. பிறகு சிரிப்பு மொத்தமாக எழுந்து, ரோட்டுப் பக்க ஜன்னல் வழியாக இறங்கி, வளைவில் திரும்பி, கீழே போய்விட்டது. மாசிலாமணி மிச்சத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு, துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். "மாப்பிள்ளையையே எழுப்பிப்புட்டியே" என்றார்.

மறுநாள் மேஸ்திரி சொம்பை வைத்து நடந்தார். குதித்தும் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எந்த ஜன்னல்?"

"ரோட்டுப் பக்கந்தானுங்க. அந்தப் பக்கம் பொன்னி துணி."

"பள்ளத்துல போனது திரும்பாது. ரோட்டுல போனதுக்கு வழி தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். தூசியை ஈரத்துணியால் எடுத்தார்கள். மேலே சிமெண்ட் பலகை வைத்து முடுக்கி, தண்ணீர் இறங்காத பூச்சு பூசினார்கள். சுவரோரம் சுற்றிலும் ஒரு விரல் இடம் விடச் சொன்னார் மேஸ்திரி. மழைக்காலத்தில் பலகை ஊதும், பெருமூச்சு விட அதற்கு இடம் வேண்டும். அதன் மேல்தான் டைல்ஸ் வந்தது. பாசிப்பயறு நிறம், கால் வழுக்காத சொரசொரப்பு.

முதலில் குளித்தவர் மாசிலாமணி. எருமைப் பாட்டைத் தொடங்கினார். டைல்ஸ் அசையாமல் கேட்டது. கால்வாய் வருவதற்குள் வெளியே வந்துவிட்டார். "மரியாதையான கல்லுதான்" என்றார். அண்டாவில் முதல் தடவையாகச் சுடுதண்ணீர் மிச்சம் இருந்தது.

வேதா வந்த அன்று பஸ் வளைவில் நின்றது. பையைத் தவமணி வாங்கிக்கொண்டான். வேதா ஒரு கையால் படிக்கம்பியைப் பிடித்து இறங்கினாள், இன்னொரு கையால் இடுப்பில் எதையோ அணைத்திருந்தாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க அண்ணி" என்றாள். "அடிவாரத்துல ஏறுச்சுங்க. உக்கார எடமில்லை, மடியில வெச்சுக்கிட்டேன். கண்டக்டர் அரை டிக்கெட்தான் போட்டாரு. வளைவுக்கு வளைவு பஸ்ஸே சிரிச்சுதுங்க."

ஒரு இடுப்பில் பொன்னி இருந்ததால் பூரணி அதை மறு இடுப்பில் வாங்கிக்கொண்டாள். பலகை வாசம் அடித்தது, கூடவே கொஞ்சம் சீயக்காய் வாசமும். ரோட்டில் இறங்கிப் போன சிரிப்புதான்.

வேதா குளிக்கப் போனாள். பூரணி இரண்டு இடுப்பிலும் பாரத்தோடு கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே சொம்பு விழுந்தது, கால் மாற்றி வைக்கிற சத்தம் கேட்டது, மறுபடி சொம்பு. தரை நின்றது நின்றபடி நின்றது. "அண்ணி, எத்தனை கெட்டியா இருக்குது! கண்ணை மூடிக்கிட்டே நிக்கலாமுங்க" என்றாள் வேதா உள்ளிருந்து. அதற்கப்புறம்தான் பூரணி மூச்சு விட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அடுக்களை சின்னது. வேதா வயிற்றுக்கு இடம் விட்டு உட்கார்ந்ததும் பந்தி நிறைந்துவிட்டது. மாசிலாமணி ஒரு பார்வை பார்த்தார், எழுந்தார், துண்டால் தன் இடத்தைத் துடைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். பூரணி அந்த இடத்தில் சிரிப்பை உட்காரவைத்து, இலை போட்டு, சோறு வைத்தாள்.

"ரசம் ஊத்தட்டுமா?"

"கொஞ்சமா ஊத்துங்க அண்ணி" என்றாள் வேதா. "பஸ்ஸுல வந்த வயிறு."